ஸ்தோயன்காக்காவுக்கு அறுபது

மே 19, ஞாயிறு

துணி துவைத்தேன். ஆறு பேருக்கு ஒரே கொடிக்கயிறு. பேபியின் நைட்டிக்கும் என் சுடிதாருக்கும் வழக்கம்போல இடத் தகராறு. பேபிதான் ஜெயித்தாள். கிளிப்பெல்லாம் அவளுடையது, நான் என்ன செய்ய முடியும்.

பல்கேரியாவுக்கு வந்து பதினான்கு மாதம் முடிந்துவிட்டது. திருப்பூரிலிருந்து ஆறு டெய்லர்களாக வந்து, ஸ்லிவோவா என்ற இந்த மலையடிவாரத்து ஊரில் சட்டை தைக்கிறோம். கம்பெனிக்கு மேல்மாடியிலேயே தங்கல். இங்கே தைக்கத் தெரிந்த பெண்களெல்லாம் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள். அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறார்கள், ஓட்டல் அறை கூட்டுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன மெஷினில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். நாங்கள் தைக்கும் சட்டையும் ஜெர்மனிக்குத்தான் போகிறது. அதை இந்த ஊர்ப் பெண்ணே அங்கே தள்ளுபடியில் வாங்கி, லீவுக்கு வரும்போது அப்பாவுக்குக் கொண்டுவருவாளாம். திருப்பூரில் என் ஸ்டூலில் இப்போது ஒடிசாக்காரி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று என் மகள் தர்ஷினி சொன்னாள். உலகத்தில் ஒருத்தியாவது அவளவள் ஸ்டூலில் இருக்கிறாளா என்று தெரியவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் பெயர் ஸ்தோயன்கா. என்னைவிடப் பதினேழு வயது மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை, அக்கா சேர்த்தேன். ஸ்தோயன்காக்கா ஆகிவிட்டார். கம்பெனிக்கு அடுத்த வீடு. தனி ஆள். மகள் மிலேனா ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மகன் இவைலோ ஸ்பெயினில் கட்டட வேலை. இருவரும் ஊருக்கு வந்து நான்கு வருடமாகிறது. அக்காவுக்குத் தமிழில் இரண்டு வார்த்தை தெரியும்: 'சீக்கிரம்', 'சாப்ட்டியா'. மற்றதையெல்லாம் போன் மொழிபெயர்க்கும். போன் பேசுகிற தமிழ், செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும்.

மே 23, வியாழன்

பேபி ஆள் பிடித்துவிட்டாள். ஜூன் பதினைந்து, சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வேன். ஜெர்மனியில் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை, இங்கே வாங்குவதைப்போல மூன்று பங்கு சம்பளம். விசாவை வேன்காரர் பார்த்துக்கொள்வாராம். பார்த்துக்கொள்வது என்றால் எல்லையில் நாங்கள் மூச்சுவிடாமல் படுத்துக்கிடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. பிடித்தால் நேராகக் கோயம்புத்தூர்.

நான் யோசிக்கிறேன் என்றேன். பேபிக்கு என் யோசனையில் எப்போதும் நம்பிக்கை கிடையாது.

"அக்கா, நாம என்ன இங்கயே குடியிருக்கவா வந்தோம்? நாலு காசு பாக்கத்தான வந்தோம்? அது அங்க இருக்குது. இந்த ஊர்க்காரிகளே அங்கதான போயிருக்கறாங்க."

அவள் சொன்னதில் தப்பு தேடினேன், கிடைக்கவில்லை. தர்ஷினிக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. சரி என்று சொல்லிவிட்டேன். மற்ற நாலு பேரும் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான். ஸ்தோயன்காக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று பேச்சு. அவர் சமாளித்துக்கொள்வார். எத்தனை பேரை வழியனுப்பியவர்.

மே 30, வியாழன்

இன்றைக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ஜூன் ஒன்பதாம் தேதி அக்காவுக்கு அறுபது வயது முடிகிறது. கம்பெனி அட்டையில் இருந்த தேதியைப் பார்த்தேன். கொண்டாட்டம் உண்டா என்று கேட்டேன். போன் சொன்னது: "எனது பிள்ளைகளுக்கு விடுப்பு இல்லை. ஆகவே நான் மலைக்கிராமத்தில் உள்ள எனது சகோதரியிடம் செல்கிறேன்." சனிக்கிழமை போய், ஞாயிறு மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்புவாராம்.

அறுபது என்றால் எங்கள் பக்கம் மண்டபம் பிடித்துக் கல்யாணமே செய்வோம். இவர் செர்ரி பறிக்கப் போகிறாராம்.

போஸ்டர் ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. இந்த ஊரிலும் போஸ்டர் வழக்கம் உண்டு. விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், வீட்டுக் கதவு, எங்கே பார்த்தாலும் போட்டோ போட்ட தாள்கள். வந்த முதல் வாரமே இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். எல்லாம் இறந்துபோனவர்கள். செப்டம்பரில் எங்கம்மா தவறியபோது, என் போனில் இருந்த அம்மாவின் படத்தை வாங்கி, ஸ்தோயன்காக்காவே ஒரு தாள் அடித்துக் கம்பெனிக் கதவில் ஒட்டினார். பல்கேரிய எழுத்தில் 'பழனாத்தாள், அவிநாசி' என்று. செப்டம்பரைப் பற்றி எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். போஸ்டரைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

சாவுக்கு ஒட்டுகிறவர்கள் பிறந்தநாளுக்கு ஒட்டாமலா இருப்பார்கள்? எங்கள் ஊரில் ஒரே சுவரில் கண்ணீர் அஞ்சலியும் காதுகுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இங்கே காதுகுத்தைக் காணோம் என்றால் காது குத்தப் பிள்ளைகள் இல்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட்டார்கள். நல்லது நடந்து நாளாகிவிட்டது போல. நாம் தொடங்கிவைப்போம் என்று பேபியிடம் சொன்னேன்.

"போறதுக்கு முன்னால இது வேறயாக்கா?" என்றாள்.

இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாம் யாருக்கென்றாலும் செய்வதுதான்.

ஜூன் 4, செவ்வாய்

காலர் பீஸ் நானூறு. கழுத்து வலி. ரொட்டிக்கடை ரூமியானாவிடம் ரவை சொல்லிவைத்தேன். முந்திரி கிடைக்கவில்லை, வால்நட்தான்.

ஜூன் 8, சனி

அக்கா பஸ் ஏறியதும் வேலையைத் தொடங்கினோம். போன புத்தாண்டுக்குக் கம்பெனியில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அக்காவை மட்டும் வெட்டி எடுத்தேன். சிரிக்காத முகம், ஆனாலும் லட்சணம். சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர். மேலே பெயர், கீழே பெரிதாக 60. வாசகம் என்ன போடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை: 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.' போன் அதைப் பல்கேரிய மொழியில் சுருக்கமாகக் கொடுத்தது.

ஆபீஸ் பிரிண்டரில் கலர் மை தீர்ந்திருந்தது. கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. ரோஜா பார்டர் மொத்தமும் கறுப்பாக விழுந்தது. பரவாயில்லை, எடுப்பாக இருந்தது.

இங்கே இவர்கள் போஸ்டரை டேப் வைத்து ஒட்டுகிறார்கள். ஒரு மழைக்குத் தாங்காது. நாங்கள் மைதாவைக் காய்ச்சிப் பசை எடுத்தோம். நாற்பது போஸ்டர். பஸ் நிறுத்தம், ரொட்டிக்கடைக் கதவு, கம்பெனிக் கதவு, பள்ளிக்கூடத்துக் கேட், கம்பம் ஒன்றுவிடாமல். இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம். திருப்பூரில் கூட இவ்வளவு நேர்த்தியாக ஒட்டிப் பார்த்ததில்லை.

அக்கா வீட்டுக்குள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் போல. வாழ்த்துச் சொல்லத்தான் இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு, மதியம் ஒரு மணி

அவசரமாக எழுதுகிறேன். போஸ்டர் வேலை செய்துவிட்டது. ஊரே வந்திருக்கிறது. இந்த ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. அக்கா வீட்டு முற்றத்தில் நிற்க இடமில்லை. எல்லோர் கையிலும் பூ. ஆளுக்கு இரண்டு, மிஞ்சினால் நாலு. கொஞ்சம் கஞ்சத்தனம்தான், ஆனாலும் வந்தார்களே. அறுபதாம் கல்யாணத்தில் நம் ஊரிலும் பெரியவர்கள் கண் கலங்குவதுண்டு, இங்கே கொஞ்சம் அதிகமாகவே கலங்குகிறார்கள்.

நாங்கள் ஆறு பேரும் பட்டுச்சேலை கட்டிக் கேசரி கொடுத்தோம். ஒவ்வொருவரும் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஏதோ ஒரே வாசகத்தைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். நல்ல பழக்கம். ரூமியானா என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா எங்கே என்று ஜாடையில் கேட்டார். நான் மலையைக் காட்டினேன், மேலே. சிரித்துக்கொண்டேதான் காட்டினேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். இவ்வளவு பாசக்காரி என்று நான் நினைக்கவில்லை.

அதே நாள், சாயங்காலம்

வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டாக்ஸி வந்து நின்றது. கறுப்பு உடையில் ஒரு பெண் இறங்கினாள். மிலேனா. வீடியோ காலில் பார்த்த முகம். அம்மாவின் அறுபதுக்குச் சொல்லாமல் வந்திருக்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேசரித் தட்டோடு ஓடினேன். அவள் கேட்டைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்து கதறினாள். நான் அவள் வாயில் ஒரு ஸ்பூன் ஊட்டினேன். அழுதுகொண்டே விழுங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது ஆனந்தக் கண்ணீர் இல்லை. போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். போன் நிதானமாகச் சொன்னது: "எனது தாய் எவ்வாறு இறந்தார்?"

எனக்கு அப்போதே விளங்கியது, மிச்சத்தை அக்கா பிறகு விளக்கினார். இந்த ஊரில் உயிரோடு இருப்பவர் படத்தைக் கம்பத்தில் ஒட்டமாட்டார்கள். ஒட்டினால் ஒரே அர்த்தம்தான். 'வணங்குகிறோம்' என்பதும் இங்கே இறந்தவர்களுக்குப் போடுகிற வாசகமாம். இரட்டைப்படையில் பூ கொடுப்பது சாவுக்கு மட்டும்தானாம். ரவையில் இனிப்புக் கிண்டிக் கொடுப்பதும் சாவுக்குத்தானாம். வாங்கியவர்கள் சொன்னது, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று. நேற்று யாரோ போஸ்டரைப் படம் பிடித்து மிலேனாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மா போனை எடுக்கவில்லை. மகள் விமானம் ஏறிவிட்டாள். ஸ்பெயினில் மகனும் ஏர்போர்ட்டில் நிற்கிறான்.

மிலேனாவுக்குப் புரியவைக்கப் போனை என் பக்கம் திருப்பினேன். மூன்று மணி பஸ் வந்தது.

அக்கா இறங்கினார். கையில் ஒரு கூடை செர்ரி. நிறுத்தத்தில் இருந்த போஸ்டரைப் பார்த்து நின்றார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அடுத்த கம்பத்திலும் நின்று படித்தார். பிறகு தெருவோடு நடந்து வந்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. மிலேனா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் அவள் ஓடியதையும் செர்ரி தெருவெல்லாம் உருண்டதையும் எழுதினால் நான் மறுபடி அழுவேன்.

நான் கம்பெனி பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. அக்காதான். கதவிடுக்கு வழியாகப் போன் பேசியது: "வெளியே வரவும். அந்தப் புகைப்படத்தை யார் தேர்ந்தெடுத்தது? அதில் நான் உண்மையாகவே இறந்தவளைப் போல் இருக்கிறேன்."

வெளியே வந்தேன். காலில் விழலாம் என்று குனிந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 10, திங்கள்

மகனும் வந்துவிட்டான். அம்மா உயிரோடு இருப்பது ஏர்போர்ட்டிலேயே தெரிந்துவிட்டது. திட்டிவிட்டு, டிக்கெட் எடுத்தாயிற்று என்று வந்தே விட்டான். சாவுக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. முற்றத்தில் ஆட்டம், அக்கார்டியன், கத்தரிக்காய் சுட்டு அரைத்த துவையல். கேசரி மறுபடி கேட்டார்கள். ரூமியானா என்னை ஆட்ட வரிசையில் கைகோத்து இழுத்துவிட்டார். இடதா வலதா என்று தெரியாமல் நாலு பேர் காலை மிதித்தேன்.

நடுவில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. போனிடம் ஏதோ சொன்னார். அது வாசித்தது: "பல வருடங்களாக எனது வீட்டில் இத்தனை பேர் இருந்ததில்லை. அடுத்த வருடமும் நான் இறக்க விரும்புகிறேன்."

இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எவ்வளவு நாளாயிற்று. வேனைப் பற்றி நாள் முழுக்க நினைக்கவில்லை.

போஸ்டரைத்தான் கிழிக்க முடியவில்லை. மைதாப் பசை. சுரண்டினால் கம்பத்து பெயின்ட் வருகிறது.

ஜூன் 12, புதன்

மத்தியானம் மிலேனா கம்பெனிக்கு வந்தாள். இது முன்பு அவளுடைய மெஷின் என்று என் மெஷினைத் தொட்டுக் காட்டினாள். எனக்குத் தெரியாது. ஸ்டூலை விட்டு எழுந்தேன், உட்காரச் சொல்லி அழுத்தினாள்.

ஜெர்மனி எப்படி என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். சம்பளம் நல்லது, வீடு நல்லது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் நல்லது என்றாள். ஒளித்து எதுவும் சொல்லவில்லை என்று பட்டது. பிறகு போனைத் தன் பக்கம் இழுத்து மெதுவாகப் பேசினாள்.

"அம்மாவின் பிறந்தநாளுக்கு விடுப்புக் கேட்டேன். ஆள் பற்றாக்குறை என்று மறுத்தார்கள். அம்மா இறந்துவிட்டார் என்றதும் அன்றிரவே அனுப்பினார்கள். ஆகவே ஜெர்மனியில் அம்மா இறந்தவராகவே இருக்க வேண்டும். அம்மாவின் மரணத்துக்கான விடுப்பை நான் செலவழித்துவிட்டேன். உண்மையில் அது நடக்கும்போது என்ன சொல்லிக் கேட்பேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் இரண்டு பேரும் நூல்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பரைப் பற்றி எழுதிவிடுகிறேன். எனக்கு லீவு கிடைக்காமல் இல்லை. அக்கா போ என்றுதான் சொன்னார். ஒப்பந்தம் முறியும், திரும்ப விடமாட்டார்கள் என்று நான்தான் போகவில்லை. நூல் அறையில் உட்கார்ந்து அம்மாவைத் தூக்குவதைப் போனில் பார்த்தேன். மெஷின் சத்தத்தில் ஒப்பாரி கேட்கவில்லை. அக்கா போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஒரு மணி நேரம் கம்பெனி முழுக்க ஒரு மெஷின் ஓடவில்லை. முதலாளிக்கு என்ன பதில் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜூன் 13, வியாழன்

பிள்ளைகள் இருவரும் கிளம்பினார்கள். அக்கா ஒரு செம்புச் சொம்பில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு பூவைப் போட்டு, கேட்டுக்கு முன்னால் அவர்கள் கால் வைக்கும் இடத்தில் ஊற்றினார். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு இப்படிச் செய்வது இங்கே வழக்கமாம். தண்ணீர் ஓடுவதுபோலக் காரியமெல்லாம் தடையில்லாமல் நடக்குமாம். இருவரும் ஈரத்தை மிதித்துக் காரில் ஏறினார்கள். கார் திரும்பும்வரை அக்கா கையாட்டினார். பிறகு காலிச் சொம்பைக் கவிழ்த்து உதறி, என்னைப் பார்த்து "சீக்கிரம்" என்றார். சட்டைக் கை தைப்பது பாக்கியிருந்தது, நூற்றைம்பது பீஸ்.

ஜூன் 14, வெள்ளி

சாயங்காலம் நானும் பேபியும் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, உறை போட்டோம். எப்போதும் செய்வதுதான். பையைக் கட்டினேன். பிரித்தேன். கட்டினேன்.

ஜூன் 15, சனி

நாலரைக்கு எழுந்தோம். மற்ற நாலு பேரும் தூங்குவதுபோல் படுத்திருந்தார்கள். நானும் பேபியும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கதவைத் திறந்தேன்.

வாசலில் ஸ்தோயன்காக்கா. நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர், கையில் செம்புச் சொம்பு, நிறையத் தண்ணீர், அதில் இரண்டு பூ. பதறி எண்ணினேன். ஆளுக்கு ஒன்று.

பேபி என் பின்னால் ஒளிந்தாள். அக்கா கோபப்படவில்லை. தன் போனை எடுத்துக் காட்டினார், முன்பே பேசிவைத்திருக்கிறார். அது அந்த விடியலில் ஊருக்கே கேட்பதுபோல வாசித்தது: "மிலேனாவும் மெஷினை இவ்வாறுதான் துடைத்துவிட்டுச் சென்றாள். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. ஆகவே தண்ணீர் ஊற்ற இயலவில்லை. உங்களுக்கு ஊற்ற விரும்புகிறேன்."

வேன் வந்து விளக்கை அணைத்து நின்றது. பேபி அழ ஆரம்பித்தாள், ஆனாலும் அவள் பை தோளில் இருந்து இறங்கவில்லை. இருபத்தொன்பது வயது. அவளுக்கு அவள் கணக்கு, நான் தப்பே சொல்லமாட்டேன். அக்கா அவள் காலடியில் பாதித் தண்ணீரை ஊற்றினார். நான் அவள் தலையைத் தடவி, "பாத்துப் போ கண்ணு, போன உடனே கூப்புடு" என்றேன். அவள் என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"கிளிப்பெல்லாம் உனக்கேக்கா," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

வேன் போனது. அக்கா மீதித் தண்ணீரோடு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இன்னும் நான் போகப்போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வேன் ஏதும் வருமோ என்று தெருவைப் பார்த்தார். நான் பையைக் கீழே வைத்தேன். அவர் கையிலிருந்து சொம்பை வாங்கினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையால் அள்ளி அள்ளிக் கம்பெனி வாசல் முழுக்கத் தெளித்தேன். மூலை மூலையாக, எங்கள் வீட்டு வாசலுக்கு இருபது வருடம் தெளித்தது போல. கதவில் மைதாப் பசையில் உறைந்துபோன போஸ்டர் ஸ்தோயன்காக்கா சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தவர் இது என்ன என்பதுபோலக் கையை விரித்தார்.

என் போன் பைக்கு அடியில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. தமிழிலேயே சொன்னேன்.

"வெடியால வாசத் தெளிச்சா, எங்கூர்ல ஆளு ஊட்டுலதான் இருக்குதுன்னு அர்த்தமுங்கக்கா."

ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரிந்திருக்காது. ஈரத்தைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார். பையை அவரே தூக்கிக்கொண்டார். அடுப்பு மூட்டத் தன் வீட்டுப் பக்கம் நடந்தவர், கேட்டில் திரும்பி நின்று கேட்டார்:

"சாப்ட்டியா?"